தமிழாவும் ஏலியனும்: ஹிப்ஹாப்பில் பெயர் மாறுவதும் கூற்று மாறுவதும்

‘தமிழா!’ என்று உரக்கக் கூப்பிட்டால் சானமாவில் யார் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் போகும்போது வரும் காப்புக்காட்டுக்கும் அதன் ஓரத்து ஊருக்கும் சானமாவு என்று பெயர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில் இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், சிப்காட் ஆலையில் பக்கத்து எந்திரத்துக்காரரிடம் அரைகுறை இந்தி என்று ஒரே நாளில் மூன்று நான்கு மொழிகளைக் கடந்து வருவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் வியப்பான செய்தி அல்ல. இங்கே இருப்பவர்கள் தமிழ்நாட்டு மக்கள்தான்; ஆனால் ஒரே ஒரு விளிக்குள் அடங்கிவிடுகிற மக்கள் அல்லர். தமிழ் ஹிப்ஹாப்பின் மிகப் பிரபலமான பெயர் ஒரு விளியாக அமைந்திருப்பதால் இந்த எல்லைப்புற ஊரிலிருந்து அதைப் பார்க்கத் தோன்றுகிறது. ‘ஹிப்ஹாப் தமிழா’ என்ற பெயர் கேட்பவரைக் கூப்பிடுகிறது. பாடுகிறவர் யார் என்று அது சொல்வதில்லை.

ஆதி, ஜீவா என்ற இரு இளைஞர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட அந்தப் பெயரையும் அவர்களுடைய இரண்டு தனி ஆல்பங்களின் தலைப்புகளையும் வரிசையாக வைத்தால் ஓர் இலக்கணப் பாடமே கிடைக்கிறது. குழுவின் பெயரில் இருக்கும் ‘தமிழா’ முன்னிலை. 2012இல் வெளிவந்த முதல் ஆல்பம் ‘ஹிப் ஹாப் தமிழன்’, படர்க்கை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2020இல், சினிமாவுக்கு வெளியே வந்த அடுத்த ஆல்பம் ‘நான் ஒரு ஏலியன்’, தன்மை. கூப்பிட்டவர், பிறகு சுட்டிக்காட்டியவர், கடைசியில் ‘நான்’ என்று பேச வாயெடுத்தபோது ‘தமிழன்’ என்ற சொல்லை விட்டு ‘வேற்றுக்கிரகவாசி’ என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். உலக ஹிப்ஹாப்பில் இசை அமைப்பவர்கள் தமக்கென ஒரு மாற்றுருவைப் படைத்து அதன் பெயரில் ஆல்பம் வெளியிட்ட மரபு ஒன்று உண்டு. தமிழில் அந்த மரபுக்கு மிக அருகில் வந்து நிற்பது இந்த ஏலியன்தான். அருகில் வந்தது, உள்ளே நுழையவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். ஏன் நுழையவில்லை என்பதற்கான காரணத்தைத் தமிழின் சொந்த இலக்கணத்திலேயே தேடலாம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோடம்பாக்கத்தில் ‘ப்ரொட்யூசர்’ என்றால் பணம் போடுகிறவர். ஹிப்ஹாப்பில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, அதைச் சுழலவிட்டு, அதன் மேல் தாளம் ஏற்றி, எந்த இடத்தில் எந்தக் குரல் வர வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அவர். நம் வழக்கில் இசையமைப்பாளருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் நடுவில் நிற்கிற ஆள். பேச்சில் ‘பீட் போடுகிறவர்’ என்பார்கள். ராப்பர் மேடையின் முன்னால் நிற்பார், இவர் பின்னால் இருப்பார். பிறருடைய குரல்களை அடுக்குவதே இவருடைய தொழில் என்பதால் இவருக்கென்று ஒரு குரல் உண்டா என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர் தனி ஆல்பம் செய்ய வரும்போது மாற்றுரு தேவைப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

தமிழருக்குப் பெயர் மாற்றிக்கொள்வது புதிதல்ல. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன், மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். இவை புனைபெயர்கள். புனைபெயர் மாறினால் கையெழுத்து மாறும், பேசுகிற ஆள் மாற வேண்டியதில்லை. சுஜாதா என்று கையெழுத்திட்டதால் ரங்கராஜனின் நடை பெண்நடை ஆகிவிடவில்லை. இதிலிருந்து வேறுபட்ட இன்னொரு வழக்கம் தமிழில் இதைவிட மிகப் பழையது. அதற்குக் ‘கூற்று’ என்று பெயர். அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. புலவன் தன் பெயரிலும் பேச மாட்டான். தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ பாங்கனாகவோ பேசுவான். செய்யுளின் உறுப்புகளை அடுக்குகிற செய்யுளியல், கூற்றையும் கேட்போரையும் களத்தையும் காலத்தையும் அவற்றில் சேர்க்கிறது. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்போது என்பவை அந்த இலக்கணத்தில் பாட்டின் உறுப்புகள். பாட்டுக்கு வெளியே நிற்கும் தகவல்கள் அல்ல. புனைபெயர் அட்டையில் இருக்கும், கூற்று பாட்டுக்குள் இருக்கும்.

இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் புதுமைப்பித்தனிடமே அளந்து பார்க்கலாம். கதை எழுதப் புதுமைப்பித்தன் என்ற பெயர் போதுமாக இருந்தவர், கவிதை எழுத வந்தபோது ‘வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை’ என்று இன்னொருவராக வந்தார். ஏற்கெனவே புகழ்பெற்ற பெயர் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? கதைக்காரனின் குரலிலிருந்து வேறான, பழைய பாட்டு வடிவங்களில் புகுந்து கேலி பேசக்கூடிய ஒரு குரல் அவருக்கு வேண்டியிருந்தது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளைச் சென்னைத் தெருவில் கூட்டிக்கொண்டு திரிகிற மனிதருக்கும் அதே பெயர்தான் என்பது தற்செயல் போலத் தோன்றவில்லை. வடிவம் மாறியது, பேசுகிறவரும் மாறினார், பெயர் அவற்றின் பின்னால் வந்தது. ஹிப்ஹாப் மாற்றுருக்களை எடைபோட இந்த ஓர் அளவுகோல் போதும்: பெயரை மறைத்துவிட்டுக் கேட்டாலும் பேசுகிறவர் வேறொருவர் என்று காது சொல்ல வேண்டும்.

இந்த அளவுகோலை அமெரிக்க உதாரணங்களில் வைத்துப் பார்ப்போம். நியூயார்க்கைச் சேர்ந்த வூ-டாங் கிளான் குழுவின் இசையை வடிவமைத்தவர் ரிஸா என்று அழைக்கப்படும் ராபர்ட் டிக்ஸ். குழுவின் முதல் ஆல்பம் 1993இல் வந்தது; உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு நிறுவனங்களில் தனி ஆல்பம் செய்துகொள்ளலாம் என்பது அவர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். 1994 முதல் 1996 வரை மெத்தட் மேன், ஓல்ட் டர்ட்டி பாஸ்டர்ட், ரேக்வான், ஜிஸா, கோஸ்ட்ஃபேஸ் கில்லா ஆகியோரின் தனி ஆல்பங்களுக்குப் பெரும்பாலும் ரிஸாவே இசை அமைத்தார். ஐந்து பேருக்கு ஐந்து விதமான உலகங்கள். பழைய சோல் பாடல்களின் துணுக்குகள், குங்ஃபூ படங்களின் வசனங்கள், தூசு படிந்தது போன்ற ஒலி ஆகியவை அந்தக் காலத்து ரிஸாவின் அடையாளம். கேட்டவுடன் இன்னார் செய்தது என்று சொல்லிவிடலாம். மற்ற எல்லாருக்கும் உடை தைத்துக் கொடுத்த அந்தத் தையற்காரர் தனக்கென்று ஒன்று தைக்க உட்கார்ந்தது 1998இல்தான்.

அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘பாபி டிஜிட்டல் இன் ஸ்டீரியோ’ ரிஸாவின் முதல் தனி ஆல்பம். பேசுகிறவர் பாபி டிஜிட்டல்: போதை, பெண்கள், ஆடம்பரம், அதிரடி என்று திரிகிற, பாதி தெருரவுடியும் பாதி காமிக்ஸ் நாயகனுமான ஓர் ஆள். பின்னாளில் ரிஸா தன் நூல்களிலும் பேட்டிகளிலும் பாபியைத் தன் இளமைக்கால இயல்பின் வடிவமாகவே விளக்கியிருக்கிறார். ஞானமும் கட்டுப்பாடும் பேசிய குழுத்தலைவர் மூடி வைத்திருந்த பகுதி அது. நம் வாதத்துக்கு முக்கியமானது அவருடைய ஒலி மாறியதுதான். துணுக்குகளை வெட்டி ஒட்டும் பழைய முறையைப் பெருமளவு ஒதுக்கிவிட்டு, விசைப்பலகையில் தானே வாசித்த மின்னொலிகளைக் கொண்டு பாபியின் உலகத்தைக் கட்டினார். வூ-டாங்கின் பழைய ஒலியை எதிர்பார்த்த ரசிகர்கள் பலருக்கு ஏமாற்றமாக இருந்தது, விமர்சகர்களும் ஒருமித்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஏமாற்றமே கூற்று மாறியதற்குச் சான்று. பெயரை மட்டும் மாற்றியிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டைச் சேர்ந்த மேட்லிப் இதை இன்னும் நுட்பமாகச் செய்தார். தன் இயல்பான கனத்த குரல் ராப்புக்கு ஒத்துவரவில்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஒலிநாடாவின் வேகத்தைக் குறைத்துவிட்டு, அந்த மெதுவான தாளத்துக்கு நிதானமாகப் பேசிப் பதிவு செய்தார். பிறகு வேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தபோது குரல் மெலிந்து, கீச்சென்று, ஒரு விஷமக்கார விலங்கின் குரலாக ஒலித்தது. அதுதான் குவாசிமோட்டோ. 2000இல் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் வெளியிட்ட ‘தி அன்சீன்’ ஆல்பத்தில் அந்தக் கீச்சுக்குரலோடு மேட்லிப்பின் சொந்தக் குரலும் இடையிடையே வந்து பேசுகிறது. ஒருவரே இருவராக உரையாடுகிறார். அகப்பாட்டின் வாசகருக்கு இது புதிராக இருக்காது. தலைவன் சொல்ல முடியாததைப் பாங்கன் சொல்வான், தலைவி அடக்கிக்கொண்டதைத் தோழி வெளியே எடுத்து வைப்பாள். சொல்லும் தகுதியையும் சொல்ல முடியாமையையும் இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுப்பது அங்கே இலக்கணம், இங்கே ஒலிநாடாத் தந்திரம்.

மூன்றாவது உதாரணம் எம்.எஃப். டூம். இயற்பெயர் டேனியல் டுமிலே. 1990களின் தொடக்கத்தில் ஸெவ் லவ் எக்ஸ் என்ற பெயரில் தம்பியோடு கே.எம்.டி. குழுவில் இருந்தார். 1993இல் தம்பி விபத்தில் இறந்தார். முடித்து வைத்திருந்த ஆல்பத்தை நிறுவனம் வெளியிட மறுத்துக் குழுவையே கைவிட்டது. சில ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்தபோது முகத்தில் உலோக முகமூடி இருந்தது. 2003இல் ‘கிங் கிடோரா’ என்ற இன்னொரு பெயரில் ‘டேக் மீ டு யுவர் லீடர்’ ஆல்பத்தை வெளியிட்டார். ஜப்பானிய காட்ஸில்லா படங்களில் விண்வெளியிலிருந்து வரும் மூன்று தலை டிராகனின் பெயர் அது. அந்த ஆல்பத்தில் அவர் ராப் பாடுவது குறைவு. இசையை அமைத்துவிட்டு மற்றவர்களைப் பாடவிட்டு, மனிதர்களை வெளியிலிருந்து பார்க்கும் பிராணியின் பார்வையை மொத்த ஒலிக்குள்ளும் வைத்தார். லண்டனில் பிறந்து, சிறுவயதிலிருந்து அமெரிக்காவில் வளர்ந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவர் அவர். 2010இல் ஐரோப்பியப் பயணம் முடிந்து திரும்பியபோது அமெரிக்கா அவரை உள்ளே விடவில்லை. அமெரிக்கச் சட்ட மொழியில் வெளிநாட்டவருக்கும் ‘ஏலியன்’ என்றுதான் பெயர். 2003இல் அவர் பூண்ட வேடத்தை 2010இல் சட்டம் அவர்மேல் உண்மையாகவே மாட்டிவிட்டது.

இதெல்லாம் அமெரிக்கக் கறுப்பின வாழ்விலிருந்து பிறந்த முறை, தமிழுக்கு ஒட்டாது என்று ஒரு மறுப்பு எழலாம். கூற்று மரபைப் பற்றி மேலே சொன்னது இதற்கு ஒரு பகுதி விடை. மறுபகுதி தெருக்கூத்தில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கும்போது, வேடம் கட்டியவர் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, தன்னைத் தானே படர்க்கையில் அறிவித்துக்கொண்டு வருவார். துரியோதனன் வந்தான் என்று துரியோதனனே பாடுவான். கட்டியங்காரன் யாரென்று கேட்பான், வந்தவர் தன் பெருமையை அடுக்குவார். ராப்பர் தன் பெயரைத் தானே முழங்கிக்கொண்டு மேடையேறும் வழக்கத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு உலகில் அதிகம் இருக்காது. நவீனக் காலத்துக்கு வந்தால் டி.எம். சௌந்தரராஜன் இருக்கிறார். எம்.ஜி.ஆருக்குப் பாடும்போது ஒரு விதமாகவும் சிவாஜிக்குப் பாடும்போது இன்னொரு விதமாகவும் ஒரே தொண்டையிலிருந்து இரண்டு ஆட்களை அவர் வரவழைத்தார். மேட்லிப் ஒலிநாடாவால் செய்ததை அவர் மூச்சால் செய்தார். திறமையும் மரபும் நம்மிடம் எப்போதும் இருந்தவை.

இருந்தும் தமிழ் ஹிப்ஹாப்பில் அந்த மரபு ஏன் தழைக்கவில்லை? டி.எம்.எஸ். உதாரணத்திலேயே விடையும் இருக்கிறது. அவர் படைத்த இரண்டு ஆட்களும் அவருக்குச் சொந்தமாகவில்லை, திரையில் வாயசைத்தவர்களுக்குச் சொந்தமானார்கள். தமிழ்ச் சினிமாப் பாட்டில் ‘நான்’ என்ற சொல் கதாநாயகனுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்ட நிலம். இசையமைப்பாளரின் பெயர் சுவரொட்டியில் பெரிதாக வரும். ஆனால் பாட்டுக்குள் பேசுகிறவர் அவர் அல்லர். அமெரிக்க பீட் கலைஞர் பெயரில்லாதவராக இருந்ததால் மாற்றுருவைத் தேடினார். தமிழ் இசையமைப்பாளருக்குப் பெயரும் புகழும் ஏற்கெனவே கிடைத்துவிடுவதால், கூற்று கையில் இல்லை என்பதே உறைப்பதில்லை. 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் ‘வல்லவன்’ ஆல்பத்தில் இளையராஜாவின் 1980ஆம் ஆண்டு ‘நிழல்கள்’ படப் பாடலை எடுத்து அதன்மேல் தமிழ் ராப்பைக் கட்டினார்கள். சினிமாவுக்கு வெளியே ஒரு ‘நான்’ பேச முடியும் என்று அந்த ஆல்பம் காட்டியது. அதைத் தொடர்ந்து வளர்ந்த பலர் சில ஆண்டுகளிலேயே சினிமாவுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

ஹிப்ஹாப் தமிழாவின் பயணம் இதற்குத் தெளிவான சான்று. 2012இல் தனி ஆல்பம். 2013இல் அனிருத் இசையமைத்த ‘எதிர்நீச்சல்’ படத்தில் பாட்டு. 2015இல் ‘ஆம்பள’, ‘தனி ஒருவன்’ படங்களுக்கு இசை. 2017இல் ‘மீசைய முறுக்கு’ படத்தில் ஆதியே கதை, இயக்கம், கதாநாயகன். அந்தப் படத்தின் நாயகன் பெயரும் ஆதி, அவனும் ராப் பாட ஆசைப்படும் கல்லூரி மாணவன். மாற்றுருவுக்கு நேர் எதிரான முயற்சி இது: வேறொருவராக மாறாமல், தன்னையே தன் பெயரோடு திரைக்குக் கொண்டுபோவது. இசையமைப்பாளர் கதாநாயகனுமாகிவிட்டதால் அந்தப் பட்டா நிலம் அவருக்கே வந்துவிட்டது. 2022இல் வந்த ‘அன்பறிவு’ படத்தில் இரட்டை வேடமும் போட்டுவிட்டார். ரிஸா ஆல்பத்துக்குள் தேடிய இன்னொரு ஆளை ஆதிக்குச் சினிமாவே கொடுத்துவிடுகிறது, ஆனால் கதையின் நிபந்தனைகளோடு.

இந்த வரிசையின் நடுவில், கொரோனா ஆண்டான 2020இல் வந்தது ‘நான் ஒரு ஏலியன்’. திரையரங்குகள் மூடிக் கிடந்த அந்த ஆண்டில் சினிமாவின் பிடி தற்காலிகமாகத் தளர்ந்திருந்தது. அப்போது வந்த தனி ஆல்பத்தின் தலைப்பில் தன்மை இடம் வந்ததையும், அந்தத் தன்மை அந்நியனாக வந்ததையும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ‘தமிழா’ என்று மற்றவர்களை ஓர் அடையாளத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், தன்னைப் பற்றிச் சொல்ல வந்தபோது எந்த அடையாளத்திலும் சேராத ஒருவராகச் சொல்லிக்கொண்டார். கருத்தளவில் இது துணிச்சலான திருப்பம். ஆனால் நம் அளவுகோலை வைத்தால் ஏலியன் தேறுவதில்லை. அட்டையில் கையெழுத்து பழையபடி ஹிப்ஹாப் தமிழாதான். கேட்கும் குரல் படங்களில் கேட்டுப் பழகிய அதே ஆதியின் குரல்தான். குவாசிமோட்டோவின் கீச்சுக்குரலைப் போலவோ பாபியின் மின்னொலிகளைப் போலவோ வேற்றுக்கிரகத்துக்கென்று ஓர் ஒலி அங்கே உருவாகவில்லை. ‘நான் ஒரு ஏலியன்’ என்பது ஓர் உருவகம். உருவகம் சொல்கிறவர் உவமேயமாகவே நின்றுகொண்டு சொல்லலாம். கூற்று என்றால் ஏலியனே பேசியிருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. காலம் காலமாகப் பெயர் மறுக்கப்பட்டவர்கள் இப்போதுதான் தம் பெயரில் பேசுகிறார்கள், அவர்களிடம் போய் முகமூடி போடச் சொல்வது என்ன நியாயம் என்பது அது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில் உருவாகி 2018 ஜனவரியில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு போன்ற முயற்சிகளின் ஆற்றலே நேரடியாகப் பேசியதில் இருந்தது. 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடல் உலகப் புகழ் பெற்ற பிறகு, ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அதன் பாடலாசிரியரும் ராப்பருமான அறிவின் முகம் இடம்பெறாதது பெரும் விவாதமானது. முகம் மறைக்கப்படுவது எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். ஆனால் டூம் முகமூடி அணிந்தது அவருடைய ஆல்பம் புதைக்கப்பட்ட பிறகு. பிறர் அழித்த முகத்துக்குப் பதிலாகத் தானே தேர்ந்தெடுத்த முகத்தை வைத்தார். திணிக்கப்பட்ட மறைவும் தேர்ந்துகொண்ட வேடமும் ஒன்றல்ல. எந்தப் பெயரில் பேசுவது என்று தீர்மானிக்கும் உரிமைதான் இரண்டு தரப்புக்கும் பொதுவான கோரிக்கை.

அறிவின் பிற்காலத் தேர்வு இந்த வாதத்தை இன்னும் ஓரடி முன்னே கொண்டுபோகிறது. 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ செய்தவர், 2024இல் தன் தனி ஆல்பத்துக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் பேரனாகத் தன்னை அறிவித்துக்கொள்கிறார். இது இயற்பெயரும் அல்ல, வேற்றுக்கிரகப் பெயரும் அல்ல, உறவுப்பெயர். அகப்பாட்டிலும் பேசுகிறவர்கள் தோழி, செவிலி, பாங்கன் என்று உறவாலேயே குறிக்கப்படுகிறார்கள். புலம்பெயர்ந்தவர்களிடமும் இதன் சாயல் உண்டு: மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ., 2005இல் வந்த தன் முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப்பெயரான ‘அருளர்’ என்பதையும், 2007இல் வந்த அடுத்த ஆல்பத்துக்குத் தாயின் பெயரான ‘கலா’ என்பதையும் வைத்தார். அறிவு முதன்மையாகப் பாடலாசிரியரும் ராப்பரும்தான், எம்.ஐ.ஏ.வும் முழுமையான பொருளில் பீட் கலைஞர் அல்லர். எனவே இவை நம் பொருளுக்கு நேர் உதாரணங்கள் ஆகா. ஆனால் வழியைக் காட்டுகின்றன. அமெரிக்க மாற்றுரு விண்வெளியையும் காமிக்ஸையும் தேடிப் போகிறது. தமிழ் மாற்றுரு உறவுமுறைக்குள் தேடினால் தன் ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

மாற்றுரு என்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரம், விற்பனை உத்தி என்ற ஐயமும் இருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பாபி டிஜிட்டலின் வாயிலிருந்து வரும் பெண்வெறுப்பை ‘அது பாபி பேசுவது’ என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. டூம் தன் முகமூடியை வேறு ஆட்களுக்கு மாட்டி மேடைக்கு அனுப்பியபோது, காசு கொடுத்து வந்தவர்கள் கோபப்பட்டதும் நியாயம்தான். ஆனால் சொந்தக் குரலில் பேசுவதால் மட்டும் பொறுப்பு வந்துவிடுவதில்லை. ஹிப்ஹாப் தமிழாவைப் பிரபலமாக்கிய ‘கிளப்புல மப்புல’ பாட்டு, குடிக்கும் நகரத்துப் பெண்களைப் பார்த்து நேரடியாகப் புத்தி சொன்னது. ஆணாதிக்க அறிவுரை என்று கடுமையான விமர்சனத்தையும் வாங்கியது. அதே சொற்களை ஒரு கற்பனை ஆளின் கூற்றாக அமைத்திருந்தால், அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்பவர் எடைபோட ஓர் இடைவெளி கிடைத்திருக்கும். கேட்போரும் களமும் காலமும் குறிக்கப்பட்ட கூற்றில் புலவனுக்குப் பொறுப்பு கூடுகிறது. ஏனெனில் சொன்னவற்றோடு, சொன்ன ஆளையும் அவன் படைத்தாக வேண்டும்.

சானமாவுக்குத் திரும்புவோம். குளிர்கால மாதங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக யானைக்கூட்டங்கள் இந்தக் காட்டுக்கு வந்து தங்கும். ராகி விளைந்து நிற்கும் காலம் அது. விவசாயிக்கு அது பயிர் அழியும் காலம், சில ஆண்டுகளில் உயிரும் போகும் காலம். செய்தித்தாளில் ‘யானைகள் ஊருக்குள் புகுந்தன’ என்று வரும். யார் எங்கே புகுந்தார்கள் என்பது பேசுகிறவரைப் பொறுத்தது. காட்டைக் கிழித்துக்கொண்டு நெடுஞ்சாலை போகிறது. 1970களிலிருந்து வளர்ந்த ஓசூர் சிப்காட்டில் மோட்டார் வாகனமும் கைக்கடிகாரமும் செய்கிறார்கள், பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கிறார்கள். வேலைக்காக வந்த பிற மாநிலத்தவர் ஆலை அடையாள அட்டையின் எண்ணாக இங்கே வாழ்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தலைமுறைகளாக இங்கேயே இருந்தும் வீட்டுமொழி வேறு. இத்தனை பேரில் யார் உள்ளூர், யார் ஏலியன்? விளியால் இதற்கு விடை சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கூற்று கொடுத்தால்தான் கேள்வியாவது சரியாகக் கேட்கப்படும்.

பீட் கலைஞருக்கு இது கைவந்த வேலை. எந்திரத்தின் தாளத்தைத் துணுக்காக எடுக்கவும், குரலைத் தாழ்த்தி யானையின் உறுமலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும், ஒரே வரியைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிக்கவும் அவரிடம் கருவி இருக்கிறது. மடிக்கணினி இருந்தால் போதும், படக்கம்பெனியின் தயவு வேண்டாம். ‘நான் ஒரு ஏலியன்’ தலைப்பளவில் திறந்துவிட்ட கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. அதற்குள் நுழைய நினைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஆல்பத்துக்குப் பெயர் தேட உட்காரும் முன், அதில் பேசப்போகிறவர் யார், யாரிடம், எந்த இடத்தில் நின்று என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒலி அந்த ஆளைப் பின்தொடர்ந்து வரட்டும். பெயரைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.